ஷிப்டு நேரமும் எட்டுத் தடங்களும்

ஓசூரில் ஒரு வீட்டில் உழைக்கும் ஆண்கள் நால்வர் இருப்பின், அவ்வீட்டில் நான்கு கடிகாரங்கள் ஓடுகின்றன என்று கொள்ளலாம். ஒருவர் காலை 6 மணிக்கு ஆலைக்குள் நுழைவார். ஒருவர் பிற்பகல் 2 மணிக்கு. மற்றொருவர் இரவு 10 மணிக்கு. நான்காமவர் அன்று வார விடுமுறையில் உறங்கிக் கொண்டிருப்பார். வாரம் பிறந்தால் இந்த வரிசை மாறிவிடும். 1971ஆம் ஆண்டில் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. பெங்களூருக்கு 40 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடக எல்லையை ஒட்டிக் கிடந்த இவ்வூரில் அந்நிறுவனம் தொழில் வளாகம் அமைத்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் எழுந்தன. எங்களுக்குச் சோறு கிடைத்தது. அதற்கு விலையாக நேரத்தைக் கொடுத்தோம். பெருநாள் தொழுகைக்கு ஒன்றாகப் புறப்படுவதற்கே பதினைந்து நாள் முன்னதாகச் சொல்லி வைத்து ஷிப்டை மாற்றிக் கொள்ள வேண்டும் எனில், நால்வர் ஓரிடத்தில் அமர்ந்து பாடுவதைப் பற்றி என்ன சொல்ல!

ஆயினும் எங்கள் வீட்டில் பாட்டு நின்றுவிடவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுத எண்ணுகிறேன்.

எங்கள் குடும்பம் கிருஷ்ணகிரியிலிருந்து வந்தது. மர்ஹூம் அத்தாவும் பெரியத்தாவும் அங்கே மாங்காய் மண்டியில் இருந்தவர்கள். பருவம் முடிந்து மண்டி ஓய்ந்த மாதங்களில் அவர்கள் இருவரும் ஒரு சிறு பைத்துக் குழுவை நடத்தினார்கள். மீலாது மாதத்திலும் நிக்காஹ் வீடுகளிலும் அழைத்தால் சென்று பாடுவார்கள். அத்தா பாட்டை எடுத்துக் கொடுப்பார். பெரியத்தா தப்ஸ் அடித்தபடி பல்லவியைத் திருப்பிப் பாடுவார். இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபாவின் இசைத்தட்டுகளே அவர்களுக்கு ஆசான். இசைக் கருவிகள் பற்றிய மார்க்க விவாதத்தை நான் இங்கே திறக்கப் போவதில்லை. எங்கள் வீட்டுக்குள் தப்ஸைத் தவிர வேறு கருவி நெடுங்காலம் நுழையவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

1980களின் தொடக்கத்தில் மாமா ஒருவர் சவூதியிலிருந்து ஒரு டேப்ரிக்கார்டர் கொண்டு வந்தார். வாசகர்களில் பலர் வீட்டிலும் அவ்வாறே வந்திருக்கும். பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் என்பவர் தலைமையில் உருவாகி 1963இல் வெளிவந்த அந்தச் சிறு கேசட், அரபு நாட்டுக்குப் போன கணவனின் குரலை ஊருக்கும், ஊரிலிருந்த மனைவியின் குரலை அரபு நாட்டுக்கும் சுமந்து சென்ற காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ தாய்மார்களுக்கு அதுவே கடிதம். எங்கள் வீட்டில் அது பாட்டுக்கும் பயன்பட்டது.

அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு மைக். அதுவும் உள்ளேயே பதித்தது. ஆகவே, எவர் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைப் பாய் விரிக்கும் இடத்தைக் கொண்டுதான் தீர்மானிக்க முடியும். பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி அத்தா அமர்வார். பெரியத்தாவின் குரல் கனம் மிகுந்தது. அவர் கதவோரத்துக்குப் போவார். தப்ஸ் இன்னும் கனம். சில வேளைகளில் அதை வெளித்திண்ணைக்கே அனுப்ப வேண்டியிருக்கும். சிறுவர்களாகிய அண்ணனும் நானும் பெட்டிக்கு மிக அருகில் முழங்காலிட்டு இருப்போம். இன்று 'மிக்சிங்' என்று பெரிய சொல்லால் வழங்கப்படும் கலையை என் அத்தா பாயையும் தலையணையையும் வைத்தே செய்தார். ஒருவர் தடுமாறினால் நால்வரும் முதலிலிருந்து பாட வேண்டும். அதனால் பாடும்போது காது முழுவதும் பக்கத்தில் இருப்பவர் மீதே இருக்கும். அவர் மூச்சு வாங்கப் போகிறார் என்பதை அவர் தோள் உயர்வதைக் கொண்டே அறிந்து, அந்த இடத்தில் நாம் அழுத்திப் பாட வேண்டும். இதை எவரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. ஒரே மைக் கற்பித்தது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பம் இல்லை. நாடாவின் இரைச்சல் ஒன்று. பெட்டியின் ஓட்டம் மற்றொன்று. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்தாலோ, பேட்டரி இறங்கினாலோ நாடா மெதுவாக ஓடும். அவ்வாறு மெதுவாக ஓடியபோது பதிந்த பாட்டை நல்ல பேட்டரி போட்டுக் கேட்டால், பெரியவர் குரல் பிள்ளைக் குரலாக ஒலிக்கும். வாரம் ஒரு முறை பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஹெட்டைத் துடைக்க வேண்டும். சிக்கிய நாடாவைப் பென்சில் நுழைத்துச் சுற்ற வேண்டும். அழிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைப்போம். பிறகு வேறு கேசட் வாங்கக் காசில்லாத நாளில் அந்த ஓட்டையின் மேல் செல்லோ டேப் ஒட்டி, அதன் மீதே புதிதாய்ப் பதிவோம். எத்தனை பாட்டு இப்படி மறைந்தது என்பதற்குக் கணக்கில்லை.

அண்ணனும் நானும் ஆலை வேலைக்கு வந்து ஓசூரில் குடியேறிய பிறகு நால்வர் கூடுவது அரிதாயிற்று. அப்போது அண்ணன் ஒரு வழி கண்டார். முதல் பெட்டியில் அத்தா பாடியதை ஓடவிட்டு, அதனுடன் சேர்ந்து தாம் பாடி, இரண்டையும் இன்னொரு பெட்டியில் பதிவு செய்வார். பிறகு அதை ஓடவிட்டு நான் பாடுவேன். வந்தது பாட்டா, இரைச்சலா? முதல் நாடாவின் இரைச்சல் இரண்டாவதில் ஏறும். இரண்டாவதன் இரைச்சல் மூன்றாவதில் ஏறும். மூன்றாம் தலைமுறையில் அத்தாவின் குரல் மழைக்கு அப்பால் நின்று பாடுவது போல் கேட்கும். அதற்கு மேல் போக முடியாது.

இதே முட்டுக்கட்டையை உலகின் பல மூலைகளில் வீட்டுப் பாடகர்கள் சந்தித்திருக்கிறார்கள். ஜப்பானிய நிறுவனமான டியாக், 1979இல் 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்னும் கருவியை வெளியிட்டது. சாதாரணக் கேசட்டையே இரு மடங்கு வேகத்தில் ஓட்டி, அதன் 3.81 மில்லிமீட்டர் அகலத்தில் நான்கு தனித்தனித் தடங்களைப் பதியும் கருவி அது. முதல் தடத்தில் இருப்பதைக் கேட்டபடி இரண்டாவதில் பாடலாம். முதலாவது சிறிதும் சிதையாது. அறுபது நிமிடக் கேசட்டில் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றாலும் அது பெரும் புரட்சி. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் அதைக் கொண்டு தம் வீட்டில் தனியே பாடி வைத்த மாதிரிப் பதிவுகள், பிறகு குழுவோடு பாடியவற்றினும் சிறந்திருந்தன என்று கண்டு, அந்தக் கேசட்டிலிருந்தே 'நெப்ராஸ்கா' இசைத்தட்டாக வெளியிடப்பட்டன. பின்னர் 1992இல் அலிசிஸ் நிறுவனத்தின் 'ஏடாட்' விற்பனைக்கு வந்தது. வீடியோ கேசட்டில் எட்டுத் தடங்களை எண்களாகப் பதியும் கருவி. விலை ஏறத்தாழ 4,000 டாலர். ஆலைத் தொழிலாளிக்கு அது கனவில்கூட எட்டாத தொகை.

நம் நாட்டில் வீடே பதிவுக்கூடமானதற்குச் சிறந்த சான்று சென்னையில் இருக்கிறது. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளாகத்திலேயே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' கூடத்தை அமைத்தார். 1992இல் 'ரோஜா' வெளிவந்து அவர் பெயரை ஊரறியச் செய்ததை எல்லோரும் பேசுவர். அதற்கு முன்பே, திலீப் என்னும் பெயரில், 'தீன் இசை மாலை' என்ற தமிழ் இஸ்லாமியப் பாடல் கேசட்டுக்கு அவர் இசையமைத்திருந்ததை அவ்வளவாக எவரும் பேசுவதில்லை. பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் ஒரே நாளில் ஒரே கூடத்தில் கூட்டாமல், தனித்தனியே வரவழைத்து, பெரும்பாலும் இரவில், துண்டு துண்டாகப் பதிந்து கோத்தெடுக்கும் முறையை அவர் திரைத்துறையில் நிலைபெறச் செய்தார். அதைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இது எங்கள் ஷிப்டுக்காரர்களுக்கென்றே அமைந்த முறையல்லவா?

எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர 2011 ஆயிற்று. நான்கு தட நாடாவை நாங்கள் கண்ணாலும் காணவில்லை. இரண்டு டேப்ரிக்கார்டரிலிருந்து நேரே கணினிக்குத் தாவினோம். அண்ணன் மகன் கல்லூரிப் படிப்புக்கென்று வாங்கிய கணினி ஒன்று இருந்தது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அலைந்து, இரண்டு மைக் சொருகக்கூடிய ஒரு சிறு பெட்டியை அவன் வாங்கி வந்தான், 'இன்டர்பேஸ்' என்பார்கள். பதிவு செய்ய 'அடாசிட்டி' என்னும் மென்பொருள். 2000ஆம் ஆண்டு முதல் உலகம் முழுவதும் இலவசமாகக் கிடைப்பது.

நாடாவில் ஒலி காந்தத் துகள்களில் வடிவாகப் படிகிறது. கணினியிலோ அது எண்ணாக மாறுகிறது. இசைத் தகட்டுக்கு வகுத்த முறைப்படி, ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறது. எண்ணைப் பிரதி எடுத்தால் அதே எண்தான் வரும். ஆகவே மூன்றாம் தலைமுறை மழை இங்கே இல்லை. ஒரு தடத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 5.3 மெகாபைட். ஐந்து நிமிடப் பாட்டை எட்டுத் தடங்களில் பதிந்தால் 212 மெகாபைட். செல்லோ டேப் ஒட்டி அழித்தெழுதிய எங்களுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு பெரிய செல்வம்!

அந்த அளத்தலின் வேகத்தைக் காப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். ஓசூர்க்காரனுக்கு இதைவிட நெருங்கிய செய்தி உண்டா? இவ்வூர் டைட்டன் ஆலையில் உருவான லட்சக்கணக்கான கைக்கடிகாரங்களுக்குள்ளும் அத்தகைய படிகம்தான், விநாடிக்கு 32,768 முறை அதிர்ந்து முள்ளை நகர்த்துகிறது. எங்கள் தெருவில் பலருக்குச் சோறு போட்ட அந்தப் படிகமே, பெல்ட் தளர்ந்து சுருதி இறங்கும் தொல்லையிலிருந்து எங்கள் பாட்டையும் விடுவித்தது.

தொல்லையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இருந்த சிற்றறையில் ரஜாய்களைக் கொடியில் தொங்கவிட்டுச் சுவராக்கினோம். நெடுஞ்சாலை லாரிகளின் ஹாரன் அதையும் துளைத்து வரும். 2012இல் தமிழகம் முழுவதும் மின்வெட்டு வாட்டியபோது பாதிப் பாட்டோடு கணினி அணைந்த நாட்கள் பல. இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. கணினி ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகச் சேர்த்தே கையாள்கிறது. மூட்டைக்கு 1,024 எண்கள் என்றால் 23 மில்லி விநாடி தாமதம். ஒலி காற்றில் ஏறத்தாழ 8 மீட்டர் கடக்கும் நேரம் அது. ஹெட்போனில் பாடகர் தம் குரலையே எட்டு மீட்டருக்கு அப்பால் நின்று கேட்பது போலாகித் தாளம் தவறுவார். மூட்டையைச் சிறிதாக்கியதும் சரியாயிற்று.

அதற்குப் பின் எங்கள் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். முதல் ஷிப்டு முடித்து வந்த அண்ணன் அஸருக்குப் பிறகு பாடுவார். நான் பி ஷிப்டு முடிந்து, இரவு பதினொன்றுக்கு, அக்கம்பக்கம் அடங்கிய பின் பாடுவேன். சி ஷிப்டிலிருந்து காலையில் திரும்பும் மச்சான் ஒரு தேநீரைக் குடித்துவிட்டுக் கனத்த கண்களோடு பாடுவார். கீழ்க்குரலுக்கு அந்த உறக்கக் கனம் நன்றாகவே பொருந்தியது. பெரியத்தா கிருஷ்ணகிரியிலிருந்து ஞாயிறு பேருந்தில் வந்து தப்ஸ் அடித்துப் பல்லவி பாடிவிட்டுப் போவார். ஒருவரை ஒருவர் பாராமலே நால்வரும் ஒரே பாட்டில் கூடினோம். தம்மாமில் வேலை பார்க்கும் தங்கை மகன்கூடச் சேர்ந்து கொண்டான். நாங்கள் அனுப்பியதை ஒரு காதில் கேட்டபடி, கைப்பேசியில் தன் பகுதியைப் பாடி அனுப்புவான். எல்லாருடைய தடமும் ஓரிடத்தில் பொருந்த வேண்டுமே? தொடக்கத்தில் தாளத்தோடு மூன்று முறை கை தட்டும்படி சொன்னோம். திரையில் அந்தத் தட்டல் மூன்று முட்களாகத் தெரியும். முள்ளோடு முள்ளை ஒட்டிவிட்டால் முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவன் தகப்பனார் கேசட்டில் அனுப்பிய கடிதம் வந்து சேர வாரங்கள் ஆயின. மகன் குரல் ஒரு நிமிடத்தில் வந்தது.

பழைய கேசட்டுகளையும் கணினிக்கு மாற்றினோம். 1986இல் பதிந்த அத்தாவின் பாட்டு ஒன்றில் குரல் சற்றே மெலிந்து, அவசரப்படுவது போல் ஒலித்தது. பதிந்த நாளில் பேட்டரி இறங்கியிருக்க வேண்டும். கணினியில் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் எவ்வளவு குறைப்பது? அத்தா உயிருடன் இல்லை. அண்ணன் மகன் சிறிது சிறிதாகக் குறைத்துக் கொண்டே வர, பெரியத்தா கண்ணை மூடிக் கேட்டுக் கொண்டிருந்தார். நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்த இடத்தில், "நில்லு. இதுதான் என் தம்பி" என்றார். எந்தப் படிகமும் அதைச் சொல்லியிருக்காது.

அந்தப் பெரியத்தாவின் குரல் பற்றித்தான் வீட்டில் ஒரு மனத்தாங்கல் எழுந்தது. அதை எழுதாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

2016இல் அவருக்கு வயது 78. தங்கை மகளின் நிக்காஹுக்காக ஒரு பாட்டைப் பதிந்திருந்தோம். அவருடைய பல்லவி நடுங்கியது. மேல் சுரத்தை எட்டும் முன் கீழே சரிந்தது. அண்ணன் மகன் நள்ளிரவில் தனியே அமர்ந்து கலவை செய்தவன், அந்தத் தடத்தை மௌனமாக்கிவிட்டான். தப்ஸை வைத்துக் கொண்டான். அதையும் சற்றுத் தாழ்த்தினான். அவன் காது பொய் சொல்லவில்லை. அந்தக் குரலோடு பாட்டு சரிந்தது உண்மை. சுருதியை நிமிர்த்தும் மென்பொருள் 1997இலிருந்தே இருக்கிறது. எண்ணெய் ஆய்வுக்காக நில அதிர்வு அலைகளைப் படித்த ஆண்டி ஹில்டிபிரான்ட் என்னும் அமெரிக்கர் உருவாக்கியது அது. அதைப் போட்டுப் பார்த்தபோது பெரியத்தா யாரோ ஓர் இயந்திரப் பொம்மை போல் ஒலித்தாராம். ஆகவே எடுத்துவிட்டான்.

ஞாயிறன்று எல்லோரும் அமர்ந்து கேட்டோம். பாட்டு முடிந்ததும் பெரியத்தா கேட்டார்: "தப்ஸ் இருக்குது. நான் எங்கே?"

"அடியில இருக்குது நன்னா" என்றான் பையன்.

அவர் சினக்கவில்லை. தம்முடையதை மட்டும் தனியே கேட்க வேண்டும் என்றார். அவன் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, மற்ற தடங்களை எல்லாம் நிறுத்தி, அவருடையதை மட்டும் ஓடவிட்டான். நான்கு நிமிடம் அவர் அசையவில்லை. அறுபது ஆண்டுகளாகப் பாடிய அந்த மனிதர், தம் குரலை மற்றவர் குரல் எதுவும் கலவாமல் கேட்டது அன்றுதான் முதல் முறை. ஒரே மைக் இருந்த காலத்தில் எவர் குறையும் தனியே நின்றதில்லை. அருகில் பாடுபவர் தோள் கொடுத்துவிடுவார். கணினியின் திரையிலோ ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. எந்தக் கோடு தேவை என்பதை நள்ளிரவில் ஒருவன் தனியே தீர்மானிக்கலாம். நால்வரின் காதுகள் சேர்ந்து செய்த வேலை இப்போது ஒருவன் விரலுக்குப் போய்விட்டது. ஷிப்டுக்காரர்களுக்கு இந்தக் கருவி கொடுத்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதனிடம் அதபு கிடையாது. அதை நாம்தான் கொண்டு வர வேண்டும்.

ஹெட்போனைக் கழற்றிய பெரியத்தா, "ரெண்டாவது தடவை வர்ற பல்லவியில எனக்கு மூச்சு பத்தல. அங்க எடுத்துடு. கடைசியில வர்றதுல இருக்கட்டும். கல்யாண வீட்டுல நடுங்குனா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. தப்ஸை ஏன் இறக்குனே? அதுக்கு வயசாகல, ஏத்து" என்றார். சற்று நேரம் கழித்து, "எடுக்கறது தப்பில்ல தம்பி. என் முன்னால எடு" என்றும் சொன்னார்.

அவர் சொன்னபடியே செய்தோம். நிக்காஹ் வீட்டில் அந்தக் கடைசிப் பல்லவி ஒலித்தபோது பின்வரிசையில் இருந்த முதியவர்கள் சிலர் தாமாகவே சேர்ந்து பாடினார்கள். அந்த நடுக்கம் அவர்களுக்கு இடம் விட்டுக் கொடுத்தது என்றே நான் நினைக்கிறேன். அண்ணன் மகன் இன்றும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

அன்று முதல் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தடத்தைத் தாழ்த்துவதாயினும் நீக்குவதாயினும் அவர் அருகில் இருக்கும்போதே செய்வது; தம்மாமில் இருப்பவனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செய்வது. இதனால் ஒரு பாட்டு முடிய இரண்டு மாதம்கூட ஆகிறது. மர்ஹூம் பெரியத்தாவின் தப்ஸ் தடங்கள் பதினொன்று, பாட்டு ஏதும் சேராமல், தாளமாக மட்டும் கணினியில் இருக்கின்றன. இறுதி ஆண்டுகளில், "பின்னாடி உதவும்" என்று அவரே அடித்து வைத்துவிட்டுப் போனவை. அவற்றில் ஒன்றின் மேல் இப்போது ஒரு புதுப் பாட்டைக் கட்டிக் கொண்டிருக்கிறோம். அண்ணன் பாடிவிட்டார், நான் பாடிவிட்டேன், தம்மாமிலிருந்தும் வந்துவிட்டது. மச்சானுக்கு இந்த வாரம் சி ஷிப்டு. வெள்ளிக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.